ஒப்துலியாவின் அவசர வேண்டுதல்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் கொமாத்ரே ஒப்துலியாவுடையது. அவள் மகன் நசாரியோவுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். "எழுதிக்கோ. ஆனா என்னை அழுமூஞ்சியா காட்டினே, அப்புறம் இருக்கு உனக்கு!" என்று மிரட்டித்தான் கதையைக் கொடுத்தாள். கதையோ அழுகையில்தான் தொடங்குகிறது. மாட்டிக்கொண்டேன்.

முதல் முயற்சி: "டெக்சஸ் எல்லையோரத்து வெயிலில், ஒரு தாயின் கண்ணீர்..." சே! அடித்துவிட்டேன்.

இரண்டாவது: மகனின் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுக்கக் கையை விட்ட ஒப்துலியாவுக்கு ஒரு மாத்திரைக் குப்பி கிடைத்தது. கைப்பேசியில் அதன் பெயரைத் தேடினாள். எச்ஐவி என்று வந்தது. அதற்கு மேல் படிக்கக் கண் தெரியவில்லை.

சரி, இது இருக்கட்டும்.

2

"அன்றிலிருந்து அவன் தட்டையும் கோப்பையையும் தனியாக வைத்தாள்."

(இது என் கைவரிசை. இந்த நோய் என்றாலே தனித்தட்டு வரவேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது. ஒப்துலியா படித்துவிட்டுப் பாய்ந்தாள்: "தனித்தட்டா? அவன் வெச்சுட்டுப் போன மிச்சக் காபியை நான்தான்டி குடிச்சேன்!" அது எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலேயே குடித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.)

அவள் செய்தது வேறு. மகன் பிழைத்தால் இடுப்புவரை தொங்கும் தன் பின்னலைத் தருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். கேட்டது கிடைத்த பிறகு கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். ஒப்துலியாவுக்குப் பொறுமை ஏது? முதலிலேயே கொடுத்துவிட்டால் மாதாவால் மறுக்க முடியாது என்று அன்றே கத்தரித்துவிட்டாள்.

3

நூலகத்தின் பின்னறையில் நான் எச்ஐவி தடுப்பு வகுப்பு நடத்துகிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்துதான் வரவேண்டும். ஒப்துலியா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நசாரியோ, பத்தொன்பது வயது. [அவன் யாரை விரும்புகிறான் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அதை அம்மாவிடம் அவன்தான் சொல்லவேண்டும், அன்றுவரை சொல்லியிருக்கவில்லை.]

ஆணுறையைக் காட்டியபோது பிள்ளைகள் சிரித்தார்கள், தகப்பன்மார் கூரையைப் பார்த்தார்கள். பிறகு மாத்திரைக் குப்பியை எடுத்தேன்.

"இது தினம் ஒண்ணு. நோய் இல்லாதவங்க, வராம இருக்கறதுக்குப் போட்டுக்கறது. அப்பப்போ ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கணும்."

மகன் பையில் பார்த்த அதே குப்பி! ஒப்துலியா எழுந்துவிட்டாள். "என்ன சொன்னே? நோய் இல்லாதவங்களா?"

"ஆமா, கொமாத்ரே. வேற மருந்தோட சேர்த்து நோய் இருக்கறவங்களுக்கும் இதைக் குடுப்பாங்க. தனியா குடுத்தா, தடுக்கறதுக்குத்தான்."

அவள் மகன் பக்கம் திரும்பினாள். "அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையாடா?"

நசாரியோவின் முகம் வெளுத்துவிட்டது. "இல்லம்மா. போன வாரம்கூடப் பரிசோதனை பண்ணேன். ஒண்ணுமில்ல."

அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அப்படியே கட்டிக்கொண்டாள். தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது.

"கடங்காரா! என் முடி போச்சேடா!"

அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அப்பாடா! எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. (வகுப்பில் யாருடைய அந்தரங்கத்தையும் பேசக்கூடாது என்பது என் முதல் விதி. போயே போயிற்று.)

4

வெட்டிய பின்னலைத் திரும்ப ஒட்டவா முடியும்? நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று இருவரும் மாதா கோயிலுக்குக் கிளம்பினார்கள்.

ஒரு முடிவில், வழியிலேயே நசாரியோ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். ஒப்துலியா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி... இன்னொன்றில் அவன் வாயே திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர்கள் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போகிற வழியில் என்னை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். அவள் மடியில் துணியில் சுற்றிய பின்னல். அந்த மாத்திரை உனக்கு எதற்கு என்று அவள் அதுவரை கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கேட்டாள்: "இன்னிக்கு மாத்திரை போட்டியாடா?"

"இன்னும் இல்லம்மா."

"வகுப்புல என்னத்தைக் கேட்டே? முதல்ல போடு."

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் போட்டுக்கொண்டான். மிச்சத் தண்ணீரை அவள் குடித்தாள்.

வண்டி நகர்ந்தது. கோயில் வரைக்கும் பேச நேரம் இருக்கிறது. உள்ளே நான் இல்லை. பின்சீட்டு காலிதான், நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.