பந்தயக் காரில் பக்கத்து சீட்டு

புதூர்நாட்டு மலைக்குப் போகும் ஜீப்பில் ஆட்கள் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தாலும் சரி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மட்டும் பாஞ்சாலை உட்கார மாட்டாள். புளி மூட்டை மேல் குந்துவாள், பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவாள். அப்படி ஒரு வீம்பு!

எல்லாம் அந்த ராஜாக்கண்ணுவால் வந்தது. கலசப்பாக்கத்துக்காரன். புளி ஏற்ற மலைக்கு ஜீப் ஓட்டி வந்தவன், எழுபத்தொன்றில் மெட்ராசுக்குப் பந்தயக் கார் ஓட்டக் கிளம்பினான். "அந்தக் கார்லயே வர்றேன் புள்ள. பக்கத்து சீட்டு உனக்குத்தான். அதுவரைக்கும் வேற எவன் வண்டியிலயும் முன்னாடி குந்தாத" என்று சொல்லிவிட்டுப் போனான். பந்தயத்தில் ஜெயித்தான் என்று சேதி வந்தது, ஆள் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து மஞ்சக்காமாலையில் போய்விட்டான் என்றும் சேதி வந்தது. பாஞ்சாலை வேறு எவனையும் கட்டிக்கொள்ளவில்லை.

எண்பத்து மூன்றில் வேலூரில் ஒரு பணக்காரர் பழைய கார்களைச் சேர்த்து மியூசியம் திறந்தார். மூட்டை இறக்கப் போன ஜீப் டிரைவர் சிங்காரம் வந்து சொன்னான்.

"யக்கா, ராஜாக்கண்ணு ஓட்டுன கார் அங்க நிக்குது. அவரு போட்டோகூட மாட்டிக்கிறாங்கோ."

அடுத்த நடையிலேயே ஏறிவிட்டாள். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அதே மூட்டை மேல். அந்த சீட்டில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் அவளுக்கு.

சிவப்புக் கார், தரையோடு தரையாக நின்றது. சுவரில் ராஜாக்கண்ணு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். பாஞ்சாலை காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா தேடுறீங்க?" என்றான் காவல்காரன்.

"பக்கத்து சீட்டுங்க. கழட்டிட்டீங்களா?"

"பந்தயக் காருக்கு ஏதும்மா பக்கத்து சீட்டு? ஓட்டுறவருக்கு மட்டுந்தான்."

ஊரையே ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பைப் பார்த்து வளர்ந்தவள். ஒற்றை ஆளுக்கென்று ஒரு வண்டி செய்வார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சத்தியம் பண்ணிய நாளில் அவனுக்குமே தெரிந்திருக்காது, பாவம். காரைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

போட்டோவின் முன்னால் போய் நின்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சீட்டு இல்லன்னுதான் ஒரு வருசமா வராம கெடந்தியா? நான் காரையாய்யா கேட்டேன்? நீ நடந்து வந்திருந்தா போதுமே!"

வெளியே சிங்காரம் காலி சாக்குகளைப் பின்னால் பரப்பி, அவளுக்கு இடம் பண்ணி வைத்திருந்தான். பாஞ்சாலை அதைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"யக்கா..."

"இன்னாடா பாக்குற? வண்டிய எடு."

மலை ஏறி முடியும் வரைக்கும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.