கேத்தரினுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை

ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். கேத்தரின் எனக்குத் தர வேண்டியது அவ்வளவு. ஆறு வருஷமாகத் தரவில்லை.

அவளும் நானும் சின்னக்கடை வீதியில் ஒரே ஜவுளிக் கடையில் வேலை பார்த்தோம். இரண்டாவது மாடி, பேன்சி சேலைப் பிரிவு, ஒரே கவுன்ட்டர். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற வேலை. இப்போது சட்டம் போட்டு ஆளுக்கொரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். என் ஸ்டூலில் எந்நேரமும் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருக்கும்.

கீழே பேக்கிங்கில் இருந்த ஸ்டீபன்ராஜை கேத்தரின் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். பாலக்கரையில் அவள் அம்மா அற்புதம்மாள் மாப்பிள்ளையை வாசற்படி ஏற விடவில்லை. பிறகு அவனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. மெடிக்கலுக்கும் பேப்பர் செலவுக்கும் பணம் இல்லை. கேத்தரின் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அடகில் இருந்த என் தோட்டை மீட்க நான் சேர்த்து வைத்திருந்த காசு அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவன் ஏரோப்பிளேன் ஏறினான். தோடு ஏலத்துக்குப் போனது. மூன்றாம் மாசம் அவள் வேலையை விட்டு நின்றுகொண்டாள். இரண்டு தடவை போனில் கேட்டேன். மூன்றாவது தடவை அந்த நம்பரே இல்லை. அன்றிலிருந்து என் காதில் கவரிங்தான்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நல்ல கூட்டத்தில், அவர்கள் இரண்டு பேரும் லிஃப்டிலிருந்து இறங்கி நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார்கள்.

"மயிலக்கா! இன்னும் இங்கேயேதான் இருக்கீங்களா?" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"வேற எங்க தம்பி போறது? கத்தாருக்கா?" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கேத்தரின் சிரிக்கவில்லை. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவன் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான், அவளுக்கு இந்தக் கடைக்கு வர இஷ்டமில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நான் முதலில் பார்த்தது அவள் காலை. குதிகாலில் ஒரு வெடிப்பு இல்லை. வழுவழுவென்று, சின்னப் பிள்ளையின் கால் மாதிரி. என் காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புழுப்புழுவாகச் சுருண்டு கிடக்கிறது. ஒரே கவுன்ட்டரில் நின்ற இரண்டு ஜோடிக் கால்கள்தான் அவை. என் வயிறு எரிந்த எரிச்சலை வார்த்தையில் சொல்லி மாளாது.

இன்றைக்குக் காசைக் கேட்டே விடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

"நாளைக்கு எங்களுக்குக் கல்யாண நாள்க்கா," என்றான் அவன், சோபாவில் சாய்ந்துகொண்டு. "கன்டோன்மென்ட்ல அந்தப் பெரிய ஹோட்டல் இருக்குல்ல, அங்க மாடியில டேபிள் புக் பண்ணியிருக்கேன். நைட் டின்னர். இவளுக்கு அதுக்கு ஒரு சேலை. நீங்களே பார்த்து எடுத்துக் குடுங்க."

"என்ன விலையில காட்டட்டும்?"

"விலையை விடுங்கக்கா."

டீக்குச் சில்லறை பொறுக்கிக்கொண்டிருந்த பையன் அவன். எங்கள் கல்யாண நாள் என்றைக்கு என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் மாசத்தை மட்டும் சொல்வார். துவாக்குடியில் ஒரு கம்பெனியில் நைட் வாட்ச்மேன். அவர் வீட்டுக்கு வரும்போது நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்திருப்பேன்.

ஒரு பட்டுச் சேலையை எடுத்து விரித்தேன்.

"பட்டு வேண்டாம்க்கா," என்றாள் கேத்தரின். "அங்க யாரும் பட்டு கட்டிட்டு வர மாட்டாங்க."

"நீ எத்தனை தடவை போயிருக்க?"

"ரெண்டு மூணு தடவை."

ரெண்டு மூணு தடவை! எண்ணி வைத்துக்கொள்ளக்கூடத் தேவையில்லாத அளவுக்குப் போயிருக்கிறாள்.

அவள் சொன்னதும் சரிதான். அந்த மாதிரி இடத்தில் வெளிச்சம் மங்கலாக இருக்கும், ஜரிகை எடுக்காது. உடம்போடு விழுகிற துணியாக இருக்க வேண்டும். மேல் தட்டிலிருந்து ஒயின் கலர் ஒன்றை எடுத்தேன். எங்கள் வேலையில் சேலையைக் கையில் காட்டினால் விற்காது. தோளில் போட்டு, முன்னால் நாலு கொசுவம் பிடித்து, கண்ணாடி முன் திரும்பி நிற்க வேண்டும். வாங்குகிறவர்கள் எங்கள் உடம்பில் அதைப் பார்த்துத் தங்கள் உடம்பில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். போட்டுக்கொண்டு திரும்பினேன். என் நிறத்துக்கு அது இருட்டில் நின்ற மாதிரி இருந்தது. அவளுக்கோ அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். கேத்தரின் அதைத் தொட்டுப் பார்த்தாள். நாலு வருஷம் சேலை விற்றவள், அவளுக்கும் தெரிந்துவிட்டது. கையை எடுக்க மனசே வரவில்லை.

"அத்தையும் நாளைக்கு வராங்கக்கா," என்றான் ஸ்டீபன்ராஜ். "அவங்கதான் நாளைக்கு ஹீரோயினே."

"யாரு, அற்புதம்மாளா? உன்னை வாசல்லயே நிப்பாட்டினவங்களாச்சே?"

"அதெல்லாம் அப்பக்கா. நான் கத்தார் போனேன்ல, அதுக்குக் காசு எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மூஞ்சி குடுத்துப் பேசாத அந்த அம்மா, தன் கம்மலைக் கழட்டி அடகு வச்சு, ஏழாயிரத்துச் சொச்சம் இவகிட்ட குடுத்து அனுப்பியிருக்காங்க. 'நான் குடுத்தேன்னு சொல்லாதே'ன்னு வேற சொல்லியிருக்காங்க. இவதான் மனசு கேக்காம போன்ல சொல்லிட்டா. அன்னைக்கு ரூம்ல உக்காந்து அழுதேன்க்கா. இப்ப வந்ததும் முதல் வேலையா அத்தைக்கு ஒரு பவுன்ல தோடு வாங்கிட்டேன். நாளைக்கு டேபிள்ல வச்சுத்தான் குடுக்கப் போறேன்."

ஒயின் கலர் சேலை என் தோளில் கிடந்தது. கண்ணாடியில் கேத்தரினைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

என் காசு. என் தோடு. அதற்கு அற்புதம்மாளின் காதில் ஒரு பவுன்.

வாயைத் திறந்தேன். கேத்தரின் சட்டென்று, "அக்கா, கொசுவத்தைக் கொஞ்சம் என்மேல வச்சுக் காட்டுங்க," என்று சொல்லி என்னைக் கண்ணாடியின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முந்தானைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள்.

"சொல்லிடாதீங்கக்கா. உங்க காலைப் புடிக்கிறேன்."

"ஏண்டி, என் தோட்டுக் கதையையும் உங்கம்மா பேர்ல மாத்திட்டியா?"

"அம்மாவும் அவரும் மூஞ்சிலயே முழிக்கல. நான் நடுவுல கிடந்து செத்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்னதும் அவரே அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசிட்டாரு. அதுக்குள்ள நான் அம்மாகிட்டயும் 'ஆமான்னு சொல்லு'ன்னு சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் எப்படிக்கா மாத்திச் சொல்றது?"

"என் காசு?"

"தந்துடறேன். ஆனா என் கையில ஒண்ணும் இல்லக்கா. பேங்க்ல பத்து ரூவா எடுத்தாலும் அவருக்கு மெசேஜ் போயிடும். மாசாமாசம் ஐநூறு ஐநூறா எப்படியாச்சும்..."

"ஆறு வருஷமா வராத ஐநூறு!"

"அங்க என்ன ரகசியம்?" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது.

"உன் பொண்டாட்டி இடுப்பளவு ஏறிடுச்சு தம்பி, அதைத்தான் சொல்லிட்டு இருக்கா," என்றேன். அவன் மறுபடியும் சிரித்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? அவன் அங்கேயே பர்ஸைத் திறப்பான். பத்தாயிரமாகவே கொடுப்பான். "மன்னிச்சிடுங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வான். அதை வாங்கிக்கொண்டு நான் அவனை மகராசனாக இருக்கச் சொல்லி வாழ்த்த வேண்டும். அவளிடம் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருப்பான், அப்புறம் சரியாகிவிடும். கொடுத்த பெருமையும் அவர்களுக்கு, மன்னித்த பெருமையும் அவர்களுக்கு. எனக்குக் கையில் கொஞ்சம் ரூபாய் நோட்டு. யோசிக்க யோசிக்க, எனக்கு அந்தக் காசே வேண்டாம் என்று ஆகிவிட்டது. வேறு ஏதோ வேண்டியிருந்தது.

ஒயின் கலரைத் தோளிலிருந்து உருவிச் சுருட்டி ஓரமாகப் போட்டேன். குனிந்து, அடித் தட்டில் கையை விட்டு, ஒரு சேலையை வெளியே இழுத்தேன்.

கடுகு மஞ்சள். கிளிப்பச்சைக் கரை. கேத்தரின் இருந்த காலத்திலிருந்தே கடையில் கிடக்கிற சரக்கு. ஒவ்வொரு ஆடித் தள்ளுபடிக்கும் வெளியே வரும், போணியாகாமல் திரும்ப அடித் தட்டுக்கே போகும். அவளும் நானும் அதற்கு 'காமாலை' என்று பேர் வைத்திருந்தோம். சிவத்த உடம்புக்காரிகள் அதைக் கட்டினால் ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் கூட்டிவந்த மாதிரி இருப்பார்கள்.

"அக்கா..." என்றாள் கேத்தரின், அதைப் பார்த்ததும்.

நான் அவளைப் பார்க்கவில்லை. சேலையை என் தோளில் போட்டேன். கொசுவம் பிடித்து, கரையை நீவி, ஸ்டீபன்ராஜுக்கு நேராகத் திரும்பி நின்றேன். என் கறுப்புக்கு அந்த மஞ்சள் தீபம் ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். அது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும்.

அவன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டான். "அடேங்கப்பா! அக்காவுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு பாரு கேத்தி! இதை ஏன் முதல்லயே காட்டல?"

"உனக்குப் புடிச்சிருக்கா தம்பி?"

"சூப்பரா இருக்கு. நீ என்ன சொல்ற?"

கேத்தரின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். விலைச் சீட்டு இருக்கும் முனையைக் கையில் எடுத்தாள், படிக்கவில்லை.

"இதான் எடுக்கணுமாக்கா?" என்று கேட்டாள். மெதுவாக.

"ஆமா. நாளைக்கு அங்க இதைத்தான் கட்டணும். கட்டிட்டு எல்லாரோடயும் உக்காந்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். அதோட சரி."

"அதோட சரியா?"

"சரி."

"என்ன ரெண்டு பேரும் பேரம் பேசிட்டிருக்கீங்க? அதான் விலையை விடுங்கன்னு சொல்லிட்டேன்ல," என்றான் ஸ்டீபன்ராஜ்.

"இதையே எடுத்துக்கறேங்க," என்றாள் கேத்தரின் அவனிடம். ஒயின் கலர் கிடந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

என் புது நம்பரை அவள் போனில் நானே போட்டுக் கொடுத்தேன். ஓரம் அடிக்க மூன்றாவது மாடிக்கு அனுப்பினேன். கீழே ரெடிமேட் ஜாக்கெட் பிரிவுக்குப் போன் போட்டு, கிளிப்பச்சையில் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னேன். அதையும் விட்டு வைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம். வந்தவர்களுக்குச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தேன். மனசு மட்டும் கன்டோன்மென்டில் இருந்தது. இப்போது முகம் கழுவுவாள். இப்போது கட்டுவாள். கண்ணாடியைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்பாள். கார் வரும். அந்த மாடியில் நல்ல நல்ல சேலைக்காரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எட்டரை மணிக்குப் போன் நடுங்கியது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் கவுன்ட்டருக்கு அடியில் வைத்துப் பார்த்தேன்.

பக்கத்து கவுன்ட்டர் வள்ளிக்கண்ணு எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இது? உடம்பு சரியில்லாதவங்களா?"

"இல்ல, எனக்குத் தெரிஞ்ச பொண்ணு."

"ஐயோ, இந்த மாதிரி இடத்துக்கு இதையா கட்டிட்டுப் போறது? யாரு எடுத்துக் குடுத்தது?"

"யாரோ சேல்ஸ்காரி," என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு.

வெள்ளை விரிப்பு போட்ட மேஜை. அற்புதம்மாள் காதில் புதுத் தோடு, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கேத்தரின். மஞ்சள் சேலையில் அவள் முகம் வெந்துபோன மாதிரி இருந்தது, பச்சை ஜாக்கெட் கழுத்தடியில் இன்னும் கெடுத்தது. சொன்னபடியே கட்டியிருந்தாள். ஒரு சால்வையைப் போட்டு மூடிக்கொள்ளக்கூட இல்லை.

படத்தை விரலால் பெரிதாக்கினேன். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். மீன் மாதிரி ஏதோ, மேலே ஒரு இலை. அப்படியே நகர்த்தியபோது ஸ்டீபன்ராஜ் வந்தான். அவன் போட்டோவுக்குப் பார்க்கவில்லை. மாமியாரின் தோட்டையும் பார்க்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அந்தக் காமாலை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு சந்தோஷம் அவன் முகத்தில். ஒயின் கலரைக் கட்டியிருந்தாலும் இதைவிட அதிகமாகப் பார்த்திருக்க முடியாது.

சிரிப்பு நின்றுவிட்டது.

கடையில் இருக்கிற அத்தனை சேலையிலும் எதைத் தேடி எடுத்திருந்தாலும் இந்தப் பார்வையை என்னால் கெடுத்திருக்க முடியாது. அது எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. காசைக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று ஒரு புத்தி சொன்னது. பேச்சு பேச்சுதான் என்று இன்னொரு புத்தி சொன்னது. அவள் பேச்சைக் காப்பாற்றிவிட்டாள்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'சரியாக்கா?'

"அந்த லாவண்டர் கலரைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்," என்று எதிரே ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதோம்மா," என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'சரி' என்று அடித்து அனுப்பினேன். ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது அதோடு முடிந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு லாவண்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.