ஒரே ஒரு ரிங்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் நாலாவது மாடியில் அவளுக்கு டீசல் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. லிஃப்டிலும், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலும், கை கழுவும் இடத்திலும் அந்தப் பெயர்தான் புழங்கியது. அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. கரண்ட் ஒழுங்காகப் போய்ச் சேராத ஊர்களில் செல்போன் கோபுரங்கள் டீசல் ஜெனரேட்டரில் ஓடுகின்றன, ஒரு ஆள்கூடப் பேசாத நேரத்திலும் புகை கக்குகின்றன என்று அவள் எழுந்து சொல்லாத கூட்டம் கிடையாது. வீட்டில் யாருமில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அணைக்க மாட்டோமா, அவ்வளவுதான் விஷயம் என்பாள்.

சொல்லிச் சொல்லியே ஒரு உத்தரவையும் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு கோபுரத்திலும் பேச்சு எப்போது மிகக் குறைவோ அந்த இரண்டு மணி நேரம் அதை அணைத்து வைக்கலாம். அவசர எண்ணுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி விழித்திருக்கும். விவசாய ஊர்களில் ஆட்கள் வயலில் இருக்கும் மதிய நேரம்தான் அப்படிக் காலியாகக் கிடக்கிறது என்று கம்பெனிகள் கொடுத்த புள்ளிவிவரம் சொன்னது. பக்கத்து மேஜை வக்கீல் அதற்கு மதியத் தூக்கச் சட்டம் என்று பெயர் வைத்தார். "நமக்குக் குடுக்காத வசதியை டவருக்குக் குடுக்கறீங்களே மேடம், இது நல்லா இருக்கா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். எவ்வளவு டீசல் மிச்சம், எவ்வளவு புகை மிச்சம் என்று ஆணையத் தலைவர் வெளிநாட்டு மாநாட்டில் போய்ப் பேசிவிட்டு வந்தார். உத்தரவின் கீழே இருந்தது அவளுடைய கையெழுத்து.

இதெல்லாம் ஆபீஸ் விஷயம். அவளுடைய சொந்த விஷயம் ஒன்று இருந்தது, அது மதியம் ஒன்றரை வாக்கில் வரும்.

மற்றவர்கள் ஒரு மணிக்கே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவார்கள். அவள் டப்பாவை மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் போனைத் திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு, ஏதோ ஃபைல் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். போன் ஒரே ஒரு முறை அடிக்கும். இரண்டாவது மணி அடிப்பதற்குள் நின்றுவிடும். அவள் எடுக்க மாட்டாள், திருப்பிக் கூப்பிடவும் மாட்டாள். டப்பாவை மட்டும் திறப்பாள்.

ரிங் கொடுப்பது அவள் கணவன். மூன்று வருஷமாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவன் பம்ப் மெக்கானிக். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் தண்ணீர்ச் சங்கத்துக்கு வேலை பார்த்தான். அவள் அப்போது அங்கே ஒரு போன் கம்பெனியின் கிளை ஆபீஸில் இருந்தாள். பழகின புதிதில் இருவரிடமும் பேசுகிற அளவுக்குக் காசு இருந்ததில்லை. அதனால் மதியம் அவன் ஒரு ரிங் கொடுத்து கட் பண்ணுவான், சாப்பிட்டாயா என்று அர்த்தம். அவள் ஒரு ரிங் கொடுப்பாள், ஆச்சு என்று அர்த்தம். போன் கம்பெனியில் வேலை பார்ப்பவளே கம்பெனியை ஏமாற்றலாமா என்று அவன் கிண்டல் செய்வான். கல்யாணம் ஆகிக் கையில் நாலு காசு வந்த பிறகும் அந்த ரிங்கை இருவரும் விடவில்லை.

பிறகு அவளுக்குத் தலைநகரத்தில் ஆணையத்து வேலை கிடைத்தது. சூரியத் தகடு வைத்த புதுப் பம்பை ஓட விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். பம்ப் ஓடியது, அவன் வரவில்லை. வாய்க்காலைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்றான். அடுத்த முறை லீவில் போனபோது அவள் நேராகவே கேட்டாள்.

"உனக்கு நான் வேணுமா, அந்தத் தண்ணி வேணுமா?"

அவன் கையில் இருந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும், பிழைத்திருப்பான். பாவி மனிதனுக்குப் பொய் வராது. அவள் அன்றைக்கே பஸ் ஏறினாள். மறுநாள் மதியம் ரிங் வந்தது. அவள் பதில் ரிங் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தது. கோபம் மூக்குக்கு மேல் இருந்த காலத்தில் எரிச்சலாகக் கேட்டாள், கோபம் இறங்கிய காலத்தில் காத்திருந்து கேட்டாள். ஆனால் பதில் கொடுக்க மட்டும் விரல் போகவில்லை. முதல் நாள் கொடுக்காததை நூறாவது நாள் எந்த முகத்தோடு கொடுப்பது? அவன்தான் கொடுத்துக்கொண்டே இருக்கிறானே, போகட்டும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அந்த ரிங் ஒருநாள் வரவில்லை.

ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். வக்கீலிடம் கேட்டு அவர் போனிலிருந்து தன் போனுக்கு அடிக்கச் சொன்னாள். நன்றாகவே அடித்தது. டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போனது. மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

கோபுரங்களுக்கு உத்தரவு போட்டவளுக்குக் கோபுரம் ஞாபகம் வரவில்லையா என்று கேட்கலாம். வரவில்லை. உத்தரவு அமலுக்கு வந்து பல வாரம் ஆகியிருந்தது. கம்பெனிகள் பகுதி பகுதியாகத்தான் அணைத்துக்கொண்டு வந்தன, ஆயிரக்கணக்கான கோபுரங்கள், எல்லாம் வெறும் எண்கள். அதோடு, மூன்று வருஷமாக அவள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அவனுக்கு என்றைக்காவது அலுத்துப்போகும். அலுத்துப்போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டாள். பயந்தது நடக்கும்போது மனசு வேறு காரணம் தேடுவதில்லை.

எப்போது சாப்பிடுவது என்றே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு மணிக்குத் திறந்தால் தொண்டையில் இறங்கவில்லை, மூன்று மணிக்குப் பசியே இல்லை. "என்ன மேடம், டயட்டா? ஆளே பாதியாயிட்டீங்க" என்றார் வக்கீல். ஆமாம் என்று சொல்லிவைத்தாள். வீட்டில் தனியாக இருக்கும்போது போனை எடுத்து அவன் எண்ணைப் பார்ப்பாள். அழுத்த மாட்டாள். அவ்வளவு ஏக்கத்தையும் ஒரு விரல் தடுத்துக்கொண்டிருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

அந்தச் சமயத்தில்தான், ஊர்ப் பெயர் இல்லாமல் வெறும் கோபுர எண்ணோடு, புகார் ஒன்று விசாரணைக்கு வந்தது. காலை நேரம், வீடியோவில் விசாரணை. நீள மேஜையின் ஒரு பக்கம் ஆணையத் தலைவர், வக்கீல், அவள். எதிர்ப்பக்கம் கம்பெனி ஆள், கழுத்தில் அடையாள அட்டையோடு. சுவர்த் திரையில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு பெண்மணி. படம் விட்டு விட்டு வந்தது, குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"தண்ணிச் சங்கத்துக்குப் புதுசா வந்த செயலாளர் பேசறேன். எங்க ஊருல மத்தியானம் யாரும் போன்ல பேசறதில்லைன்னு எழுதியிருக்கீங்க. வாஸ்தவம்தான், பேச மாட்டோம். ரிங் குடுப்போம். பம்ப்லேர்ந்து ஒரு ரிங் வந்தா வாய்க்காலைத் திறக்கணும், ரெண்டு வந்தா மூடணும். எடுத்துப் பேசினா காசு யாரு குடுக்கறது, உங்க ஆபீஸா? எங்க பம்ப் சூரியத் தகட்டுல ஓடுது. வெயில் உச்சிக்கு வந்தாதான் தண்ணி வரும். கரெக்டா அந்த நேரம் பாத்து டவரை அணைச்சிட்டீங்க. சொல்ல ஆளில்லாம ஒரு வயல்ல தண்ணி வழியுது, இன்னொரு வயல் காயுது."

அவள் திரையில் அந்தப் பெண்மணிக்குப் பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்தாள். நாற்காலிகளுக்குப் பின்னால் நீலப் பெயிண்ட், அதில் கை எட்டும் உயரத்தில் ஒரு எண்ணெய்க் கறை. அந்தக் கறை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். துடைக்கச் சொல்லி எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாள்.

"எங்க டேட்டாவுல அந்த டவர்ல அந்த நேரத்துல பூஜ்யம் சார்" என்றார் கம்பெனி ஆள்.

"எடுக்காத ரிங்கெல்லாம் கணக்குல வராதா?" என்றார் வக்கீல்.

"அதுக்கு பில் போட முடியாதே சார். பில் இல்லாததை நாங்க அனுப்பறதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கக்கேடு, ஒரு ஊரே தண்ணீருக்குத் திண்டாடுகிறது, இவளுக்குச் சந்தோஷம். அவன் நிறுத்தவில்லை! கோபுரம்தான் நின்றிருக்கிறது. தானே அணைத்துவிட்டுத் தானே அழுதுகொண்டிருந்திருக்கிறாள். மேஜைக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொண்டு முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள்.

"சரிம்மா, இவ்வளவு நாள் ஏன் புகார் குடுக்கலை?" என்று தலைவர் கேட்டார்.

"நான் அன்னிக்கே குடுத்திருப்பேன் சார். எங்க பம்ப்காரர்தான் வேணாம்னுட்டாரு. சைக்கிள் எடுத்துக்கிட்டு அவரே வயல் வயலாப் போய்ச் சொன்னாரு. ஒரு ஆள் எத்தனை வயலுக்குத்தான் ஓட முடியும்? உங்க ஆர்டரை நோட்டீஸ் போர்டுல ஒட்டினப்போ, அடியில இருக்கற கையெழுத்தையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. 'போட்டவங்களுக்கு அந்த நேரத்துல ரிங் வர்றது பிடிக்கலை போலிருக்கு, விட்டுடுங்க'ன்னாரு. என்ன பேச்சு சார் அது? ஆபீஸ்காரங்களுக்கு எங்க ரிங்கைப் பத்தி என்ன தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனி ஆளும் சிரித்தார். அவள் மட்டும் உத்தரவின் நகலைத் திருப்பி, அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். வாயால் சொல்லத் தெரியாத பெண்டாட்டி, அரசாங்க முத்திரை போட்டு, ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை உன் ரிங் எனக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறாள் என்றல்லவா அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். சண்டைகூடப் போடாமல் அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு சைக்கிளில் ஏறியிருக்கிறான்.

"மேடம், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர். "திட்டத்தையே நிறுத்திடலாமா?"

அவள் எழுந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள்.

"வேணாம் சார். திட்டம் சரி, கணக்குதான் தப்பு. எடுக்காத ரிங்கும் பேச்சுதான். அது மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியாம இருந்திருக்கக் கூடாது. அதையும் சேர்த்து எண்ணித்தான் எந்த நேரம் அணைக்கறதுன்னு முடிவு பண்ணணும். இந்த ஊருக்கு இன்னொண்ணும் செய்யலாம். உச்சி வெயில்ல பம்ப் ஓடினது போக அந்தத் தகட்டுல கரண்ட் மிஞ்சும். அதை டவருக்கு விக்கறதுக்குச் சங்கத்துக்கு அனுமதி குடுத்தா, மத்தியானம் டீசலே வேணாம்."

"சட்டத்துல இடமிருக்கா?" என்று தலைவர் வக்கீலைப் பார்த்தார்.

"இருக்கற மாதிரி எழுதிடலாம் சார்" என்றார் வக்கீல்.

திரையில் செயலாளர் அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "விக்கறதா? எவ்ளோ தருவாங்க?" என்று கேட்டார். கம்பெனி ஆள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுமதி பின்னால் வந்தது. கோபுரத்தை மட்டும் அன்று மாலையே விழிக்க வைத்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் டப்பாவும் போனும் மேஜையில் இருந்தன. ஒன்றரை ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஏன் அடிக்கும்? வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவளுக்கு எவன் ரிங் கொடுப்பான்? கோபுரத்தைத் திறந்துவிட ஒரு உத்தரவு போதும். இதற்கு உத்தரவு கிடையாது.

அவள் எண்ணை அழுத்தினாள். மூன்று வருஷம் நகராத விரல் நகர்ந்தேவிட்டது. அந்தப் பக்கம் ஒரு மணி அடித்ததும் கட் பண்ணிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. அடுத்த நாளும் கொடுத்தாள். அதற்கும் பதில் இல்லை. கொடுத்துவிட்டு, திரை இருட்டாகும்வரை பார்த்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்துபோவாள். வாசல் திறக்காத வீட்டின் கதவைத் தட்டுவது இப்படித்தான் இருக்குமா? இதையா அவன் மூன்று வருஷம் செய்தான்? ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டு இரண்டாவது மணி அடிக்கவிடவில்லையே. அன்று கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அவள் அழுதாள். தண்ணீர் வீணாகிறது என்று ஞாபகம் வந்ததும் குழாயை மூடிவிட்டு அழுதாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு மதியம், அவள் ரிங் கொடுத்துவிட்டு டப்பாவைப் பைக்குள் வைக்கப் போனபோது போன் அடித்தது.

ஒரே ஒரு மணிதான். அது முடிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் ஒரு மூச்சு. கட் பண்ணுவதற்காக வைத்த விரல் அங்கே அப்படியே நிற்பது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது.

"ஏய்" என்றான். "எடுத்துட்டியே."

"எடுத்துட்டேன்."

"காசு போகுதுடி."

"போகட்டும்."

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேஜை வக்கீல் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஏதோ வேலை இருக்கிற மாதிரி வெளியே போனார்.

"அது உனக்குப் போட்ட ஆர்டர் இல்ல" என்றாள்.

 பொய் வராது, சமாதானமும் வராது, அவனுக்கு வருவது ஒன்றுதான்.

"சாப்ட்டியா?" என்று கேட்டான்.

"நீ கேட்டப்புறம்தான் நான் என்னிக்கும் சாப்பிடுவேன்" என்றாள். "மூணு வருஷமா அப்படித்தான்."

அவன் அழுகிறானா, பம்புக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தமா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். இரண்டு பக்கமும் யாரும் கட் பண்ணவில்லை.