வெளுத்த முகம்

பழுப்புத் தாளைக் கிழித்துப் படத்தை வெளியே எடுத்த இம்நியோ, ஜகார்த்தாவிலிருந்து வேறு யாருடைய படத்தையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கோட்டு, டை, பாலில் ஊறிய ரொட்டி மாதிரி வெளுத்துப் போன ஒரு முகம். இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பைப் பார்த்த பிறகுதான் அது அப்பா என்று புரிந்தது. அந்தத் தழும்பையும் பாதி அழித்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் ஹென்ட்ரா சித்தப்பா, ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்து. "ஒரே ராத்திரில பண்ணிக் குடுத்துட்டாங்க. நல்ல ஸ்டூடியோ."

"அப்பா இவ்ளோ வெள்ளையா சித்தப்பா?"

"வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டாரு. பொறந்தப்போ என்னைவிட நெறமாம். எங்கம்மா சொல்லுவாங்க."

அது பொய். சிசடானே ஆற்றங்கரையில் எட்டுத் தலைமுறையாக இருக்கிற சீனக் குடும்பம். எந்தத் தலைமுறையிலும் சீனாவிலிருந்து பெண் வந்ததில்லை; ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருத்தி என்று உள்ளூர்ப் பெண்களையே கட்டிக்கொண்டவர்கள். ஜகார்த்தாவில் இருக்கிற சீனர்கள் இவர்களைக் கறுப்புச் சீனன் என்பார்கள். தெருவில் இருக்கிற மற்றவர்கள் வெறும் சீனன் என்பார்கள்.

அப்பா லிம் சூன் பெங்குக்கு ஒரு சீனச் சொல்கூடத் தெரியாது. மூதாதையர் படையல் மேசையில் இருக்கிற சாம்பல் கிண்ணத்தில் ஊதுபத்தியை நட்டுவிட்டு, "தாத்தாமார்களே, சாப்பிட வாங்க, மீன் ஆறிடும்" என்று தெருவில் பேசுகிற பேச்சிலேயே கூப்பிடுவார். கைலியும் பனியனும்தான் உடுப்பு. வீட்டுக்குப் பின்னால் பன்றி வளர்த்தார். முந்தாநாள் காலையில், தொட்டியில் கழனி ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இப்போது நடுக்கூடத்தில் பெரிய மரப்பெட்டிக்குள், சித்தப்பா வாங்கி வந்த பட்டுச் சட்டையில், யாரோ ஒரு வியாபாரி மாதிரி கிடந்தார். ஊதுபத்திப் புகை, பார்மலின், பின்கட்டிலிருந்து வரும் பன்றி வாடை மூன்றும் கலந்து கூடத்தில் நின்றன. சித்தி மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவேயில்லை.

"அந்த ஜீவன்களை இன்னிக்கு ஒரு நாள் எங்கயாவது ஓட்டிவிடக் கூடாதா?" என்றாள் சித்தி.

"எங்க ஓட்டறது சித்தி? பஸ்ல ஏத்தியா?" என்றாள் பக்கத்து வீட்டு ரொகாயா. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, வேகவைத்த வேர்க்கடலையைத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தாள். ரொகாயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது; தன்னைவிட இளையவளை வேண்டுமென்றேதான் சித்தி என்று கூப்பிட்டாள். இம்நியோவுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

பத்து மணிக்குத் தெருத் தலைவர் ஜுனைதி வந்தார். பெட்டிக்கு முன்னால் கைகட்டி ஒரு நிமிடம் நின்றார். பிறகு படையல் மேசையைப் பார்த்தார். ஆரஞ்சுப் பழங்களுக்கும் பணியாரங்களுக்கும் நடுவில் ஒரு பன்றித் தலை இருந்தது. அப்பாவே வளர்த்தது.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் சித்தப்பாவின் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. "புதுசா வந்த குடியிருப்புக்காரங்க ரோட்டுல போகும்போது கண்ணுல படுதுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"எடுத்துடலாங்க. தாராளமா எடுத்துடலாம்," என்றார் சித்தப்பா.

"முப்பது வருஷமா அந்த மேசைல அது இருக்கு," என்றாள் ரொகாயா தலையைத் தூக்காமல். "எங்க யாரு கண்ணும் அவிஞ்சு போகல. ஜுனைதி, உங்க கெணத்துல எறங்கித் தூர் வாரினது யாரு? அப்ப அவரு கையில பன்னி வாடை அடிக்கலையா?"

ஜுனைதியின் முகம் சிவந்தது. சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார். "அவரு நல்ல மனுஷன்னு யாரு இல்லன்னா? தங்கமான ஆளு. சொல்லப் போனா சீனன் மாதிரியே இருக்க மாட்டாரு."

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். சித்தப்பா அதற்குச் சிரித்தார். பல் தெரிய, தலையை ஆட்டி, "ரொம்ப நன்றிங்க" என்று சிரித்தார். அடுத்த கணம் சித்தப்பாவே பன்றித் தலையை ஒரு செய்தித்தாளில் சுருட்டி அவள் கையில் திணித்து, "உள்ள வை" என்றார். தாள் வழியாகக் கொழுப்பு கசிந்து அவள் விரல்களில் ஒட்டியது.

பதினொன்றரைக்கு ஜகார்த்தா சீனர் சங்கத்துக்காரர்கள் ஆறு பேர் வேனில் வந்தார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. சங்கத்துக்கு அடுத்த மாதம் புதுத் தலைவர் தேர்வு, சித்தப்பா நிற்கிறார். சீனப் பெயரே கூடாது என்ற பழைய ஆட்சிக்குப் பயந்து ஹென்ட்ரா லிமந்தாரா என்று மாற்றிக்கொண்ட பெயரைக்கூட இப்போது முகவரி அட்டையில் சீன எழுத்தில் திருப்பிப் போட்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொண்ட மாண்டரினில் அவர்களை வரவேற்றார். பாதிக்கு மேல் அவர்களுக்கே புரியவில்லை போலிருந்தது. பிறகு எல்லோரும் சாதாரணப் பேச்சுக்கு வந்தார்கள்.

"ஏழையா இருந்தாலும் எங்கண்ணன் நம்ம வழக்கத்தை விடல," என்று சித்தப்பா சொல்வது இம்நியோவுக்குக் கேட்டது. "எங்க வம்சத்துல கலப்பே கெடையாது. நாளைக்கு மலை மேல இருக்கற நினைவுப் பூங்காவுலதான் அடக்கம். எடம் பார்த்தாச்சு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா, பின்னால கொஞ்சம் வாங்க."

பன்றிக் கொட்டில்வரை அவர் வந்தார். அங்கே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"அப்பாவை அம்மா பக்கத்துல வைக்கணும். அவரு எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு."

"அங்க ஒரே சேறு. வெள்ளம் வந்தா எலும்பு மெதக்கும்."

"மெதக்கட்டும். அம்மாவும் அங்கதான் இருக்காங்க."

சித்தப்பா குரலைத் தணித்தார். "புரிஞ்சுக்கோ. கல்லுல அவ பேரு என்ன? எனோக். சீனப் பேரா அது? சங்கத்துக்காரன் பார்த்து யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அக்கரைல நெல்லு அறுக்க வந்த பொண்ணுன்னா?"

இம்நியோ கொட்டிலின் பின்சுவரைப் பார்த்தாள். அதற்கும் வேலிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு சந்து.

தொண்ணூற்றெட்டு மே மாதம். நகரத்தில் கலவரக்காரர்கள் சீனர்களின் கடைகளை எரித்தபோது சித்தப்பாவும் சித்தியும் இரண்டு குழந்தைகளோடு வெறுங்காலில் இங்கே ஓடி வந்தார்கள். இம்நியோவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தச் சந்தில் மூன்று நாள் படுத்திருந்தார்கள். அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னவள்: பன்றிச் சாணத்தை மிதித்துக்கொண்டு அவர்கள் யாரும் வர மாட்டார்கள். வாடை குறையக் கூடாது என்று மணிக்கொரு தரம் கழனியை வாரி ஊற்றினாள். பலகை இடுக்கு வழியாகச் சோற்றை உருட்டிக் கொடுத்தாள். சித்தப்பா அவள் கையிலிருந்து தின்றார். இரண்டாம் நாள் கம்போடு வந்தவர்கள் வாசலில் நின்று, "இங்க சீனன் இருக்கானா?" என்று கேட்டபோது, அப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இருக்கானே. நான்தான். என் மூஞ்சியைப் பார்த்தா தெரியல?" அந்தக் கறுத்த முகத்தைப் பார்த்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.

"சித்தப்பா, அந்த ஆறு பேரையும் இங்க கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். "நீங்க படுத்த எடத்தைக் காட்டறேன். எங்கம்மா எந்தக் கையால ஊட்டினாங்கன்னும் சொல்றேன்."

சண்டை போடுவார், கத்துவார் என்று நினைத்தாள். அவர் ஒரு நொடி யோசித்தார், அவ்வளவுதான்.

"சரி, சரி. ஆத்தங்கரைலயே வச்சுக்கலாம். குடும்பத்தோட விருப்பம்னு சொல்லிக்கறேன். அதுவும் நல்லாத்தான் இருக்கும்," என்றார். "படம் மட்டும் அப்படியே இருக்கட்டும். அதுல கை வைக்காத."

அவர் மறுத்திருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

"இருக்கட்டும்," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான், இவ்வளவு சுலபமாக எப்படிச் சொன்னோம் என்று உறைத்தது. உறைத்ததும் அந்த மாலை நினைவுக்கு வந்தது. காலணித் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் மாதம். பேருந்து நிறுத்தத்தில் தோழிகளோடு நின்றிருந்தாள். சோற்றுக்கடைகளில் வாங்கிய எச்சில் கழனி நிறைந்த இரண்டு டின்களைக் கட்டிக்கொண்டு அப்பா சைக்கிளில் வந்தார். வழிந்து காலில் ஒழுகியிருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார். "ச்சே, யாருடி அது, உன்னைப் பார்த்து இளிக்கறான்?" என்று ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"எங்க தெருவுல பன்னி வளர்க்கற ஆளு," என்றாள் இம்நியோ.

அப்பாவுக்குக் கேட்டது. பெல் அடித்து ஒதுங்கிப் போனார். அன்று இரவு சாப்பாட்டின்போது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தச் சாலை வழியாக அவர் வரவில்லை; கழனி எடுக்க ஆற்றைச் சுற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் கூடுதலாகப் போனார். பதினெட்டு வருடம்.

இம்நியோ குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். பன்றித் தலையின் கொழுப்பு சோப்புப் போட்டும் போகவில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாதிப் பேர் ரொகாயாவின் மகன்களும் அவர்களுடைய நண்பர்களும். வெளுத்த படத்தைச் சித்தப்பாவின் மகன் மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அந்த முகம் யாருடையது என்று வழியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஜுனைதி தெருமுனைவரை வந்து நின்றுகொண்டார்.

இடுகாட்டில் இரவு பெய்த மழைத் தண்ணீர் குழிக்குள் முழங்கால் அளவு நின்றது. இரண்டு பேர் வாளியால் இறைத்தும் ஊறிக்கொண்டே இருந்தது. கயிறு வழுக்கி, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, சப்தத்தோடு சேற்றில் இறங்கியது. சித்தி, "ஐயோ" என்று பின்வாங்கினாள். சங்கத்துக்காரர்கள் வரிசையாக நின்று மூன்று தடவை குனிந்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். இம்நியோ முதல் பிடி மண்ணைப் போட்டாள். மண்ணாக விழவில்லை, கூழாக விழுந்தது.

எல்லோரும் வண்டிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். சித்தப்பாவின் கறுப்பு ஷூவில் கணுக்கால்வரை சேறு அப்பியிருந்தது. "இதைப் போட்டுட்டு எப்படிக் கார்ல ஏறறது?" என்று முணுமுணுத்தபடி சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் ஒரு தாழ்வான கல் இருந்தது. அதன் விளிம்பில் காலை வைத்து, முதலில் இடது ஷூவை, பிறகு வலது ஷூவைப் பொறுமையாகத் தேய்த்து வழித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போனார்.

ரொகாயா, "வா, போகலாம்," என்று இம்நியோவின் தோளைத் தொட்டாள்.

"நீங்க போங்க அக்கா. வரேன்."

அவள் அம்மாவின் கல்லுக்கு முன்னால் குந்தினாள். ஷூவிலிருந்து வழித்த சேறு எழுத்துகளுக்குள் போய் அடைத்திருந்தது. ஒரு குச்சியைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தால், முதல் எழுத்திலிருந்து தோண்டி எடுக்கத் தொடங்கினாள்.