வறுத்த கொத்தமல்லி

எதிர் வீட்டு ஆறுச்சாமி அண்ணன் பனிக்கட்டியாகிவிட்டது எங்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. ஜின் சாராயம் வடிக்கும்போது ஆவியைக் குளிர வைக்க ஏதாவது வேண்டும். செம்புக் குழாயை அவர் இடுப்பில் ஏழு சுற்றுச் சுற்றினேன்.

"கூச்சமா இருக்குது அம்மிணி."

"கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணா. பன்னெண்டு மணிக்கு ஆபீசர் வந்துருவாரு."

வாசனைத் துறையின் விதி எளிமையானது. ஒவ்வொரு வீடும் தன் வாசனையை ஒரு தம்ளர் ஜின்னாக வடித்துக் காட்ட வேண்டும். வாசனை வீட்டோடு ஒத்துப்போனால் வீடு நமக்கு. இல்லாவிட்டால் வேறு யாருக்காவது. மேல்மாடிக்காரர்கள் ரோஜா இதழ் போட்டுக் கௌரவமாக வடித்தார்கள். இப்போது லிஃப்டில் குடியிருக்கிறார்கள்.

ரோஜாதான் தப்பு என்று நினைத்தேன். நான் ஜின்னுக்கென்றே சீமையில் போடுகிற ஜூனிபர் காய் வாங்கினேன். எலுமிச்சைத் தோல், கொஞ்சம் கொத்தமல்லி விதை. மூன்றையும் துணியில் மூட்டையாகக் கட்டிச் சாராயம் கொதிக்கும் குக்கருக்கு மேல் தொங்கவிட வேண்டும். ஆவி போகிற போக்கில் வாசனையை எடுத்துக்கொள்ளும்.

மூட்டை கட்டும் வேலையை என் வீட்டுக்காரர் குழந்தைவேலுவிடம் விட்டேன். அவர் சமையலறையில். நான் கூடத்தில், ஆறுச்சாமி அண்ணனோடு. நடுவில் அன்றைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருந்தது.

முதல் சொட்டு விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். ரச வாசனை.

"மாமா! கொத்தமல்லிய என்ன பண்ணுனீங்க?" என்று கத்தினேன்.

நாலு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "வறுத்தேன்."

"ஆரு வறுக்கச் சொன்னா?"

இன்னும் நாலு நிமிடம். "வறுக்காம ஆராச்சும் கொத்தமல்லி போடுவாங்களா?"

இருபத்தாறு வருஷமாக ரசப்பொடிக்கு வறுக்கிற கை. அது தானாக வாணலியை எடுத்திருக்கும். வீடு போச்சு. லிஃப்டில் எங்கே கட்டில் போடுவது?

சரியாகப் பன்னிரண்டுக்கு அதிகாரி வந்தார். ஒரு வாய் குடித்தார். சுவரை முகர்ந்தார். திரைச்சீலையை முகர்ந்தார். அதற்குள் நடந்து வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் வலது கையைப் பிடித்து வெகுநேரம் முகர்ந்தார்.

"வாணலில வரமொளகா ரெண்டா?"

"மூணுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ஜூனிபர் வாசம் ஆரோடது?"

"எங்களோடது இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு வந்துச்சு?"

"விருந்தாளிங்க."

"விருந்தாளின்னா செரி."

முத்திரையை என் வீட்டுக்காரரின் வலது உள்ளங்கையில் குத்தினார். "வீடு உங்களுது. இந்தக் கையக் கழுவிப்போடாதீங்க."

குழாயைக் கழற்றினேன். ஆறுச்சாமி அண்ணன் பாதியாகக் கரைந்திருந்தார். மீதி ஜின்னில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். உப்புப் பத்தலை என்றார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு மூன்று வேளையும் நான்தான் ஊட்டிவிடுகிறேன். வாயை ஆவென்று திறந்துகொண்டு, ரசத்தில் புளி கம்மி என்று நொட்டை வேறு சொல்கிறார். சொல்லட்டும். அடுத்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகவே உருட்டுகிறேன்.