பனிக்குவியலில் பாதிப் பேச்சு

கல்யாணமாகி முழுதாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் லவினியா மெரிடித் தன் புருஷனிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டாள்.

மறைத்தது கொலையோ கொள்ளையோ இல்லை. டோனட். சமையலறை மேஜை கொள்ளாமல், சர்க்கரை தூவி, மலை மலையாக. அடுப்பில் அடுத்த ஈடு பொரிந்துகொண்டிருந்தது. மூலையில் இரண்டு பீப்பாய் ஆப்பிள் சைடர் பானம், துணி போட்டு மூடி.

"பட்டாளத்துக்கா சமைக்கிறே?" என்றாள் டார்காஸ். லவினியாவின் நாத்தனார். தம்பி கல்யாணத்துக்காக பாஸ்டனிலிருந்து ரயிலேறி வந்தவள். ஒஹையோவில் இறங்கிய நிமிஷத்திலிருந்து மூக்கைச் சுளித்தவள் இன்னும் நிமிர்த்தவில்லை.

"கிட்டத்தட்ட பட்டாளம்தான். இன்னிக்கு ஷிவரீ."

"அது என்ன வியாதி?"

லவினியா சிரித்தாள். "புதுசா கல்யாணமானவங்க வீட்டுக்கு ஊரே வரும், டார்காஸ். தகர டப்பா, மாட்டு மணி, ஊதுகுழல், கையில என்ன கிடைக்குதோ அதைத் தட்டிக்கிட்டு வருவாங்க. மாப்பிள்ளை கதவைத் திறந்து விருந்து வச்சா, வாழ்த்திட்டுப் போவாங்க."

"வைக்கலேன்னா?"

"மாப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் பனியில எறிவாங்க. போய்ச் சேர்ந்த என் முதல் புருஷன் சைடர்ல தண்ணி கலந்துட்டார். ராத்திரி பூரா அவர் காதுக்குள்ளேர்ந்து பனி வந்துக்கிட்டே இருந்தது."

"காட்டுமிராண்டி ஊரு! ஆசாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லக்கூடாது. வர்றது தெரியாத மாதிரி இருக்கணும். அதுதான் வழக்கம்."

மாடியிலிருந்து கனமான ஒரு குரல் கேட்டது. "பழைய ரோமாபுரியிலே..." என்று ஆரம்பித்து, இருமி, மறுபடியும் "பழைய ரோமாபுரியிலே" என்றது.

அதுதான் ஆசா மெரிடித். வக்கீல். நாற்பத்தைந்து வயது வரை பிரம்மச்சாரி. பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் கோர்ட்டையும் புத்தக அலமாரியையும் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர். இப்போது அவர் ஒத்திகை பார்ப்பது ஒரு நன்றியுரைக்கு. அவருக்கு இன்னும் யாரும் எதையும் கொடுக்கவில்லை என்பதுதான் அதில் விசேஷம்.

தலைநகர் கொலம்பஸில் சட்டசபைக்காரர்கள் இன்று கூடியிருந்தார்கள். வாஷிங்டன் சபைக்குப் போகும் ஒஹையோவின் புது செனட்டரை அவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மெரிடித்தா, நீதிபதி ஸ்டார்க்வெதரா? நூலிழைப் போட்டி. இந்த விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான், எழுதாத சட்டம். பதவிதான் ஆளைத் தேடி வரவேண்டும். ஆள் வாயைத் திறந்து "எனக்கு வேண்டும்" என்றால் தீர்ந்தது கதை. வீட்டில் உட்கார்ந்து, ஆசையே இல்லாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். தந்தி வந்து, ஊர்க்காரர்கள் பாண்டு வாத்தியத்தோடு வந்து வாசலில் வாழ்த்திய பிறகுதான், திடுக்கிட்டவர் மாதிரி வெளியே வந்து பேசலாம்.

"இத்தனை அவசரமா கல்யாணம் எதுக்குன்னுதான் எனக்குப் புரியலே," என்றாள் டார்காஸ். "ஒரு வாரம் பொறுத்தா மாலை வாடிடுமா?"

லவினியா சட்டியிலிருந்த டோனட்டைத் திருப்பிப் போட்டாள். ஆனால் அவள் காது சிவந்தது. அவளுடைய தொப்பிக் கடைக்கு ஆசா வந்து நின்ற அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பெண்கள் தொப்பி விற்கும் கடையில், கையில் தன் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார் மனிதர்.

"இப்பவே கேட்டுடறேன், லவினியா. தோத்துட்டா உன்னைக் கேக்க எனக்குத் தைரியம் வராது."

"இப்பவே சரின்னு சொல்லிடறேன்," என்றாள் அவள். "ஜெயிச்சுட்டீங்கன்னா, செனட்டரைப் பார்த்து மயங்கிட்டாள்னு ஊர் பேசும்."

அவ்வளவுதான் காதல் வசனம். மறுவாரம் பாதிரியார்.

திடீரென்று ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

டமார்! டங்! பூ... ம்ம்ம்! தகரமும் மணியும் ஏதோ ஒரு கொம்பும் சேர்ந்து ஊளையிட்டன. தீப்பந்த வெளிச்சம் பனியில் ஆடியது. "மெ-ரி-டித்! மெ-ரி-டித்!"

"வந்துட்டாங்க!" என்று லவினியா கையிலிருந்த மாவைத் தட்டினாள்.

"வந்துட்டாங்க!" என்று மாடிப்படியில் இன்னொரு குரல் முழங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். 

ஆசா படியிறங்கி வந்துகொண்டிருந்தார். நீளமான கறுப்புக் கோட்டு, பட்டுத் தொப்பி, கையில் கத்தைக் காகிதம். முகம் நூறு மெழுகுவத்தி ஏற்றியது மாதிரி இருந்தது.

"கேட்டியா லவினியா? பாண்டு! தந்தி வந்துடுச்சு! ஊரே வந்திருக்கு!"

"ஆசா, நில்லுங்க! அது வந்து..."

"தெரியும், தெரியும். அடக்கமாத்தான் பேசுவேன்!"

கதவு திறந்தது. மனிதர் வெளியே போயே போய்விட்டார்.

லவினியா மாவுக் கையோடு பின்னால் ஓடினாள். வாசல் முழுக்க ஜனம். முன்னால், மாட்டு மணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குதிரை லாயத்து ரூஃபஸ் க்ரம்ப். ஆறடி உயரம், ஊரில் எந்த ஷிவரீக்கும் அவன்தான் தளபதி. எல்லாம் சரி. ஆனால் வேலி ஓரத்தில், தகர டப்பா ஏதும் இல்லாமல், கையில் பென்சிலோடு நின்றான் ஒருவன்.

எலியாப் ஃபிஞ்ச். உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியன். நீதிபதி ஸ்டார்க்வெதரின் ஊதுகுழல்.

லவினியாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. கொலம்பஸிலிருந்து இன்னும் தந்தி வரவில்லை. ஆசா இப்போது 'செனட்டர் பதவியை ஏற்கிறேன்' என்று சொன்னால், ஃபிஞ்ச் ரயிலடித் தந்தி ஆபீசுக்கு ஓடுவான். கொடுக்காத பதவியைத் தானே எடுத்துக்கொண்டவர் என்று கொலம்பஸ் முழுக்கச் சிரிக்கும். முடிந்தது.

"என் அருமை ஒஹையோ மக்களே!" ஆசா கையைத் தூக்கினார்.

சத்தம் நின்றது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழைய ரோமாபுரியிலே, தன் வயலை உழுதுகொண்டிருந்த ஓர் உத்தமனை, நாடு தேடி வந்தது..."

"டோனட் எங்கேய்யா?" என்று கூட்டத்தில் ஒருவன்.

"ஷ்! வக்கீல் ஏதோ ரோமாபுரி வழியா வர்றார். வந்து சேரட்டும்."

லவினியா அந்தப் பேச்சைக் காலையிலிருந்து சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தாள். முதலில் உழவன். அப்புறம் அவன் கலப்பையை விட்டுவிட்டுப் போருக்குப் போவான். ஜெயிப்பான். மறுபடி கலப்பைக்குத் திரும்புவான். திரும்பின அடுத்த வாக்கியம்தான் குண்டு.

உழவன் ஏற்கெனவே போருக்குப் புறப்பட்டுவிட்டான்.

அவள் கோட்டு வாலைப் பிடித்து இழுத்தாள். ஆசா திரும்பாமலே அவள் கையைப் பாசமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு, "எதிரிகளை ஓட ஓட விரட்டினான்!" என்றார்.

"மயக்கம் போட்டு விழு," என்று டார்காஸ் காதைக் கடித்தாள். அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "பாஸ்டன்ல அப்படித்தான் செய்வோம்."

"விழுந்தா, நான் சந்தோஷத்துல விழுந்துட்டேன்னு அதையும் பேச்சுல சேர்த்துப்பார்!"

"அப்போ நான் விழறேன்."

"உங்களைத் தாண்டிப் போய்ப் பேசுவார்!"

ஃபிஞ்சின் பென்சில் காகிதத்தில் ஓடியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பூனை பாலைப் பார்த்துச் சிரிப்பது போல.

"வெற்றி மாலையோடு அந்த உத்தமன்," ஆசாவின் குரல் உயர்ந்தது, "தன் வீட்டை நோக்கி, தன் வயலை நோக்கி..."

லவினியா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் குதித்தாள். நேராக ரூஃபஸ் க்ரம்ப் முன்னால் போய் நின்றாள்.

"ரூஃபஸ்! உங்களுக்கு இன்னிக்கு இந்த வீட்டுல ஒண்ணும் கிடையாது!"

கூட்டம் விக்கித்தது. ரூஃபஸ் கண்ணைச் சிமிட்டினான். "என்ன மிஸஸ் மெரிடித்? ஒண்ணுமேவா?"

"ஒரு டோனட் கிடையாது. ஒரு சொட்டு சைடர் கிடையாது."

"வாசனை தெருமுனை வரைக்கும் வருதே?"

"அது நான் சாப்பிட."

"அத்தனையுமா?"

"எனக்கு நல்ல பசி!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ரூஃபஸின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு மகா ஆனந்தம் பரவியது. விருந்தைவிட அவனுக்குப் பிடித்தது ஒன்றுதான். அதை இந்த ஊரில் எந்த மாப்பிள்ளையும் பல வருஷமாக அவனுக்குக் கொடுக்கவில்லை.

"பசங்களா!" என்று கத்தினான். "கஞ்ச மாப்பிள்ளைடோய்!"

"...தன் கலப்பையிடம் திரும்பினான்! அதுபோலவே என் மக்களே, ஆகவே நான்..."

ஆகவே அவர் ஆகாயத்தில் இருந்தார்.

எட்டுக் கைகள் அவரைத் தூக்கின. பட்டுத் தொப்பி ஒரு பக்கம் பறந்தது. ரோமாபுரி காகிதம் காகிதமாக இன்னொரு பக்கம் பறந்தது. "ஒண்ணு! ரெண்டு!" என்று ஊரே எண்ணியது. மூன்றுக்குச் சபையின் வருங்கால ஆபரணம் தோட்டத்துப் பனிக்குவியலில் தலைகீழாக இறங்கியது. இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தன.

டமார்! டங்! பூ...ம்ம்ம்!

லவினியா பனிக்குள் பாய்ந்து தோண்டினாள். முதலில் மூக்கு வந்தது. அப்புறம் தாடி. அப்புறம், ஆத்திரமும் ஆச்சரியமும் சம அளவில் கலந்த இரண்டு கண்கள்.

"லவினியா! இது என்ன... எதிர்க்கட்சியா?"

"இல்லைங்க, நம்ம கல்யாணம்," அவள் அவர் காதில் மூச்சிரைக்கச் சொன்னாள். "இது ஷிவரீ. தந்தி வரலே. நான்தான் உங்களைத் தூக்கச் சொன்னேன். ஃபிஞ்ச் வேலியோரம் நிக்கிறான்."

ஆசாவின் முகம் பனியைவிட வெளுத்தது. அவர் தெளிந்த வக்கீல். தான் எந்த வாக்கியத்தின் விளிம்பில் நின்றிருந்தோம் என்பது புரிய அவருக்கு நேரமாகவில்லை. உதடு துடித்தது. அழப்போகிறார் என்று லவினியா பயந்தாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஃபிஞ்ச் அதற்குள் பனியை மிதித்துக்கொண்டு வந்து நின்றான். "மிஸ்டர் மெரிடித், நல்ல பேச்சு. 'ஆகவே நான்'னு நிறுத்திட்டீங்களே. ஆகவே நீங்க என்ன?"

தெரு அமைதியானது. லவினியா வாயைத் திறந்தாள். ஆசா அவள் கையை அழுத்தினார். இந்த முறை அது தட்டிக்கொடுக்கிற அழுத்தம் இல்லை. விடு, நான் பார்த்துக்கறேன் என்கிற அழுத்தம்.

"ஆகவே நான் அந்த உழவன் மாதிரி வீட்டோட கிடக்கப்போறேன், ஃபிஞ்ச்," என்றார் அவர், தாடியிலிருந்து பனியை உதறிக்கொண்டே. "கல்யாணப் பேச்சுன்னா அப்படித்தான்யா சொல்லணும். உனக்கெங்கே தெரியும், உனக்குத்தான் யாரும் பொண்ணு குடுக்கலியே! எழுதிக்கோ. உள்ளே டோனட் மலை மாதிரி இருக்கு. என் பெண்டாட்டி உங்களை ஏமாத்திட்டா. என்னையும்தான்!"

கொட்டகை இடிந்த மாதிரி சிரிப்பு. ஃபிஞ்ச் பென்சிலைக் காதில் செருகினான். பிறகு என்ன நினைத்தானோ, முதல் ஆளாகச் சமையலறைக்கு ஓடினான்.

டோனட் மலை கரைந்து, சைடர் பீப்பாய் காலியானதும், ரூஃபஸ் பனிச்சறுக்கு வண்டி ஒன்றை இழுத்து வந்தான். பெண்ணை உட்காரவைத்து மாப்பிள்ளை தெருவெல்லாம் இழுக்க வேண்டும். அதுவும் வழக்கம்தான். ஆசா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டார். டார்காஸ் எங்கிருந்தோ பொரிசட்டியையும் கரண்டியையும் எடுத்து வந்து, பாஸ்டனே காது பொத்தும்படி தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"இன்னும் வேகமா! இன்னும் வேகமா, மிஸ்டர் மெரிடித்!" என்று லவினியா சிரித்தாள். தொப்பி நழுவி, முடி அவிழ்ந்து, கன்னமெல்லாம் மாவு.

ரயிலடி அருகே ஊர்வலம் திரும்பும்போது, தந்தி ஆபீஸ் கதவு திறந்தது. தந்திக்காரர் கோட்டுகூடப் போடாமல், பனியென்றும் பாராமல் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. கையிலிருந்த காகிதத்தைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

ஆசா கயிற்றை விடாமலே படித்தார். படித்துவிட்டு லவினியாவிடம் நீட்டினார். அவள் உரக்கப் படித்தாள்.

"கொலம்பஸ். ஆசா மெரிடித் தேர்ந்தெடுக்கப்பட்டார்."

தகரமும் மணியும் கொம்பும் மறுபடி முழங்கின! பாண்டு வாத்தியம் வேறு தேவைப்படவில்லை. ஊரே ஏற்கெனவே அங்கேதான் நின்றது, கையில் சத்தம் போடுகிற சாமானோடு. ரூஃபஸ் அழுதுகொண்டே மணியை ஆட்டினான். செனட்டரைப் பனியில் எறிந்தவன் என்று பேரன் பேத்திக்குச் சொல்ல அவனுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

"பேசுங்க! பேசுங்க!"

ஆசா லவினியாவைப் பார்த்தார். லவினியா தலையசைத்தாள்.

"ஏத்துக்கறேன்," என்றார் அவர். "ரொம்ப நன்றி."

பேச்சு முடிந்தது. ஒஹையோவில் அதைவிடச் சின்ன பேச்சை யாரும் கேட்டதில்லை, அதைவிடப் பெரிய கைத்தட்டலையும் கேட்டதில்லை.

வீடு திரும்பும் வழி மேட்டுத் தெரு. லவினியா வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தாள். "விடுங்க ஆசா, செனட்டர் கயிறு இழுத்தா வாஷிங்டன்ல சிரிப்பாங்க."

"உட்காரு. வாஷிங்டனுக்கு அடுத்த மாசம்தானே போறோம். அதுவரைக்கும் நான் மாப்பிள்ளை."

"அப்படீன்னா எனக்கும் கால் வலிக்குது," என்று டார்காஸ் பொரிசட்டியை மடியில் வைத்துக்கொண்டு லவினியாவின் பக்கத்தில் இடித்துப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். "இழு, தம்பி!"

ஒஹையோவின் புது செனட்டர் கயிற்றைத் தோளில் இறுக்கிக்கொண்டு, இரண்டு பெண்களையும் மேட்டில் இழுக்க ஆரம்பித்தார்.