கழற்றிய கொக்கி

"கழட்டின கொக்கிய எடுத்து மேஜைமேல வைங்க," என்றேன்.

கடைக்காரர் கன்னையாவின் கை டீ கிளாஸிலேயே நின்றது. என் அப்பா, நைனா, துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தார். சித்தூரிலிருந்து திருப்பதி வரும்வரை பஸ்ஸில் அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "வேற இன்னா வேணும்னாலும் கேளு கேசியா. பழைய சாமான மட்டும் கேக்காதே."

இந்தத் துப்பாக்கிக் கடையில் கழற்றிய பாகம் கடைக்காரருக்குச் சொந்தம். திருப்பிக் கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தமாம். நான் நம்பவில்லைதான்.

துப்பாக்கி கண்ணாடி மேஜைமேல் கிடந்தது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முன்னே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் லீவர் ரைபிள். மிஷன் ஆஸ்பத்திரியை விட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிய டாக்டர் ஒருவர் தன் டிரைவருக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, எழுதிக் கொடுத்தது. இது இருப்பதால்தான் நைனாவுக்குச் சித்தூர் நகைக்கடையில் கன்மேன் வேலை. துப்பாக்கி இல்லாமல் வருவதென்றால் மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் போட்டால் துருப்பிடிக்கும் என்று நைனா இங்கே கொண்டுவந்து போட்டார். போட்டவர் சும்மா வராமல், "ஒரு தரம் பிரிச்சு தொடச்சு வைண்ணா" என்று வேறு சொல்லிவிட்டு வந்தார். வாங்கப் போனபோது, காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி உடைந்துவிட்டது என்றார் கன்னையா. அமெரிக்கச் சாமான், ஸ்பேர் கிடைக்காது, கிடைக்கும்வரை இங்கேயே இருக்கட்டும். மாதங்கள் ஓடி, எங்கள் ஊரில் வேர்க்கடலைகூடப் பிடுங்கி முடித்துவிட்டார்கள். ஸ்பேர் வரவில்லை.

"ஏம்மா, ஒடஞ்ச இரும்ப வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறே? கம்மல் செஞ்சு போட்டுக்குவியா?"

"போட்டுக்கிறேன். குடுங்க."

"தேவானந்தமு, பொண்ண டிகிரி படிக்க வெச்சே, சரி. பேச்சு எங்க கத்துக்க அனுப்பினே?"

நைனா சிரித்தார். முதலாளி திட்டும்போதும் இதே சிரிப்புதான். "சின்னப் பொண்ணுண்ணா, மனசுல வெச்சுக்காதே."

"மாந்தோப்புக்காரர் பவன்குமார் எங்க ஊரு குடிபாலாவுக்கு, வீட்டுக்கே வந்தார்," என்றேன். "நைனா டூட்டியில இருந்துச்சு. துப்பாக்கிய விலைக்குக் கேட்டார். ரிப்பேர்ல கெடக்குதேன்னு சொன்னேன். 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, கொக்கி கன்னையா கிட்ட பத்திரமா இருக்குது, நான் வாங்கினதும் மாட்டிக் குடுத்துடுவாரு'ன்னார்."

நைனாவின் சிரிப்பு நின்றது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

கன்னையா என்னைப் பார்த்தபடியே இழுப்பறையைத் திறந்து ஒரு எண்ணெய்த் துணியை மேஜைமேல் போட்டார். பிரித்தேன். கொக்கி முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"ஒடஞ்சிடப் போவுதேன்னு கழட்டி வெச்சேன். உங்க நல்லதுக்குத்தான்." குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "கேட்டே, குடுத்துட்டேன். மாட்றது யாரு? ரிப்பேர் லைசென்ஸ் இந்தப் பக்கம் எனக்குத்தான். வேலூருக்குத் தூக்கிக்கினு போவியா? பார்டர் தாண்டினா உங்கப்பன உள்ள வெச்சிடுவாங்க. பேசாம பவன்குமாருக்கு எழுதிக் குடுத்துடுங்க."

அது உண்மைதான். எங்கள் ஊருக்கு வேலூர் பக்கம். ஆனால் நைனாவின் லைசென்ஸ் ஆந்திராவுக்குள் மட்டும்தான்.

"ஒரு மன்னிப்பு கேட்டுடு கேசியா," என்றார் நைனா மெதுவாக. "அண்ணனே மாட்டிக் குடுப்பாரு."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல்தான். கொக்கியை மறுபடி துணியில் சுற்றித் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தேன்.

"நெல்லூர்ல, ஆந்திராக்குள்ளயே, லைசென்ஸ் இருக்கிற ரிப்பேர்க்காரர் கிட்ட நேத்தே பேசிட்டேன் நைனா. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆளு, துப்பாக்கி, கொக்கி மூணும் வரணும்னார். பஸ்ல ரெண்டு சீட்டு போட்டிருக்கேன். நான் படிச்ச படிப்புக்கு இதத் தொட லைசென்ஸ் கெடையாது. நீதான் தூக்கணும்."

நைனா துப்பாக்கியைப் பார்த்தார். கன்னையாவைப் பார்த்தார்.

"நீ வரலன்னா, அந்த சீட்டு போனா போவுது. நான் நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இங்க பாத்தத எழுதிக் குடுத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

"ஏம்மா, கொஞ்சம் நில்லு," என்றார் கன்னையா. முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.